பழியைக் கத்தரிக்காய் மேல் போடுவது எப்படி?

கள்ளக்குறிச்சிப் பக்கம் உடம்பு திட்டுத்திட்டாய்த் தடித்தால் டாக்டரிடம் ஓடாதீர்கள். முதலில் தெருவைக் கூட்டுங்கள். "கத்தரிக்காய் தின்னியா? கருவாடு?" என்பார்கள். கரப்பான் பண்டம் என்று தீர்ப்பாகிவிடும். அன்று தின்றது அவித்த குச்சிக்கிழங்கு என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். சின்னசேலம் முதல் கல்வராயன் மலை வரை விளைகிற அந்த மரவள்ளியைச் சந்தேகப்பட்டால் ஊர் சிரிக்கும்.

அடுத்து, பல் பிடுங்கியபோது ரப்பர் கையுறை பட்டு உதடு வீங்கியதையும், பலூன் ஊதி வாய் அரித்ததையும் மறந்துவிடுங்கள். நினைத்துப் பார்த்தால் வம்பு. ரப்பர் மரமும் மரவள்ளியும் ஆமணக்குக் குடும்பம்; இரண்டுக்கும் பூர்விகம் தென் அமெரிக்கா. ரப்பர் பாலில் 'ஹெவ் பி 5' என்றொரு புரதம், கிழங்கில் 'மேன் இ 5'. ஒரே சாடை. அண்ணன் மேல் கோபத்தில் திரிகிற எதிர்ப்பொருள், தம்பியைக் கண்டதும் ஆள் தெரியாமல் அடித்துவிடுகிறது. ரப்பர் ஒவ்வாதவர்கள் மரவள்ளி தின்று அவதிப்பட்டதை பிரேசில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்துவிட்டதா? உடனே வம்சாவளியைக் கையில் எடுத்து, முன்பு அதே ஆமணக்குக் குடும்பத்தில் இருந்த நெல்லிக்காயையும் ஒதுக்குங்கள். தாவரவியலாளர்கள் அதற்கு எப்போதோ பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், அதனாலென்ன? வாழைக்கு ரப்பரோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் அதன் புரதம் ஒன்று ரப்பர் பால் புரதத்தைப் போலிருப்பதால் சிலருக்கு வாழைப்பழமும் ஆகாது. வேர்க்கடலையும் துவரையும் ஒரே குடும்பம்தான். கடலை ஒவ்வாதவர்களில் பெரும்பாலோர் சாம்பாரை நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். இந்த நுணுக்கமெல்லாம் உங்களுக்கு எதற்கு?

பேசாமல் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து, பாசிட்டிவ் என்று வந்த அத்தனையையும் நிறுத்திவிடுங்கள். எதிர்ப்பொருள் இருந்தாலே நோய் என்று ஆகாது, தின்றால் என்ன ஆகிறது என்பதே முக்கியம் என்று டாக்டர் சொல்வார். காதில் வாங்காதீர்கள். பிள்ளை இளைத்தால் கண்பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

தின்ற சற்று நேரத்தில் நாக்கு தடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ, மயக்கம் வந்தாலோ கிண்டல் வேண்டாம்: 108-ஐக் கூப்பிடுங்கள். அப்போது தேவை அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு மலைப்பாதையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது.

பிழைத்து வந்தபின் பழையபடி நடக்கலாம். அடுத்த ஆபரேஷனுக்குப் படுக்கும்போது பலூன் கதையை டாக்டரிடம் மறைத்துவிடுங்கள். சொல்லித் தொலைத்தால் அவர் பாட்டுக்கு ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு நைட்ரைல் கையுறையை மாட்டிக்கொள்வார். உறவினர்களுக்குப் பேச ஒன்றுமே இருக்காது.