தாய்மாமன் மடிக்கு எங்க போவே, மாப்ளே?

வா மாப்ளே, குரங்கணிக் காத்து ஒத்துக்கிருச்சா? பயல் எங்க? ஜீப்புக்குள்ள செல்போனோட இருக்கானா? இருக்கட்டும். கொழுக்குமலையை அதுலயே பாத்துட்டா மலையேறுற சிரமம் மிச்சம்.

பிள்ளை வளப்பைப் பத்தி இந்த அஞ்சாப்பு படிச்ச மாமன்கிட்டக் கேக்குறே. கேட்டுக்க, ஃபீசு கிடையாது.

நீ வளந்த வீட்டுல உங்கப்பன் கம்பெடுத்தா அப்பத்தா குறுக்க விழுகும். சித்தப்பன் பஞ்சாயத்துப் பண்ணுவான். அடிச்சது ஒரு கை, அணைச்சது வேற கை. இப்ப உன் வீட்டுல போலீசும் நீ, வக்கீலும் நீ, ஜட்ஜும் நீ. எட்டு மணிக்கு வையிறே, எட்டே காலுக்குப் பீட்சா வாங்கித் தர்றே. அழுதா ஆர்டர் வரும்ங்கிற பாடத்தைப் பயல் நல்லாத்தான் படிச்சிருக்கான்.

கூட்டுக் குடும்பம் சொர்க்கம்னு நான் சொல்லலை. அப்படிச் சொல்ற ஆம்பளை எவனும் அந்த அடுப்படியில வெந்ததில்ல. உங்கத்தை கடைசியா உக்காந்து வெறுஞ்சட்டியைத்தான் வழிச்சா. உன் பொண்டாட்டி தனிக்குடித்தனம் கேட்டது தப்பில்ல. கதவைத் தாப்பாப் போட்டியே, அதுதான் தப்பு.

இங்க பாரு. விடியமுன்ன போடியிலருந்து பொம்பளைக ஜீப்பு ஜீப்பா பூப்பாறை, சாந்தாம்பாறைன்னு ஏலத் தோட்டத்துக்கு ஏறுறாக. வீடு திரும்பப் பொழுதடைஞ்சுரும். பிள்ளையை அப்பத்தா பாக்கும், இல்லாட்டி பக்கத்து வீட்டுக் கிழவி பாக்கும். அது சோறும் போடும், குட்டும் வைக்கும். மலையில முதுவர் சனத்துல வயசுப் பயலுக ராத்திரி பொதுச் சாவடியில படுக்கிறது வழக்கம். பெத்தவுக மட்டுமே வளக்கணும்னு அவுக நினைக்கலை.

தமிழ்நாட்டுல ஒரு பொம்பளைக்குச் சராசரி 1.8 பிள்ளைன்னு 2019-21 குடும்பநலக் கணக்குச் சொல்லுது. புள்ளி எட்டுக்கு எப்படிச் சோறூட்டுறதுன்னு எனக்குத் தெரியலை. உனக்கு ஒத்தைப் பிள்ளை. அவனும் ஒரு ஒத்தைப் பிள்ளையைக் கட்டினான்னா, அவன் மகளுக்கு அத்தையுமில்ல, சித்தப்பனுமில்ல, தாய்மாமனுமில்ல. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியை எந்த ஆப்புல ஆர்டர் போடுவான்?

பெத்தவுகளைக் கவனிக்கலேன்னா மாசம் பத்தாயிரம் வரைக்கும் குடுக்க வைக்கலாம்னு 2007-ல சட்டம் வந்துச்சு. கிழவனுக்குக் காசு வாங்கிக் குடுக்கச் சட்டம் இருக்கு. பேரனுக்குக் கிழவனை வாங்கிக் குடுக்க எந்தச் சட்டமும் இல்லை மாப்ளே, நீதான் குடுக்கணும்.

2010 கடைசியோட போடி ரயில் நின்னுச்சு. ஊருக்கு வராம இருக்கப் பன்னெண்டு வருசம் உனக்கு நல்ல சாக்கு. 2023 ஜூன்லருந்து சென்னை ரயில் வாரம் மூணு நாள் போடிக்கு வருதே, இனி என்ன சொல்லப் போறே?

முழுப்பரீட்சை லீவுக்குப் பயலை இங்க விட்டுட்டுப் போ. செல்போனை நீயே வச்சுக்க, உனக்குத்தான் அது இல்லாம முடியாது. சென்னையில எதிர்வீட்டுப் பெரியவருக்கும் உன் மகனை அதட்டுற உரிமையைக் குடு. அவர் அதட்டினா சண்டைக்குப் போகாத, காப்பி போட்டுக் குடு. நாலு பேர் அதட்டி வளந்தவன்தான் நாலு பேரை மதிப்பான்.