தாராவி கொண்ட சோழபுரம்

ராஜேந்திர சோழன் கடாரம் வரைக்கும் கப்பல் விட்டான். பம்பாய்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் திருநெல்வேலித் தோல் தொழிலாளிகள். யானைப்படை கிடையாது, மெய்க்கீர்த்தி பாட ஆள் கிடையாது. 1871இல் பம்பாயையும் சென்னையையும் ரயில் இணைத்தது, அது போதுமாக இருந்தது. வந்தவர்களில் டிக்கெட் எடுத்தவர்களும் உண்டு.

முதலில் வீழ்ந்தது தாராவி. வீழ்ந்தது என்ன, வேறு யாரும் சீந்தாததால் கிடைத்தது. ஒரு ஓரத்தில் மீன்பிடிக்கும் கோலிகள், இன்னொரு ஓரத்தில் சௌராஷ்டிரத்துக் குயவர்கள், மற்றதெல்லாம் சேறு. பக்கத்துப் பாந்த்ராவில் மாடு அறுத்தார்கள். அந்தத் தோலை ஊறவைக்கும் நாற்றத்துக்கு வெள்ளைக்காரன் மூக்கு ஊருக்குள் இடம் தரவில்லை. ஆகவே நாற்றமும் தமிழும் சேர்ந்தே குடியேறின. 1887இல் பெரிய பள்ளிவாசல், 1913இல் பிள்ளையார் கோயில், 1924இல் தமிழ்ப் பள்ளிக்கூடம். தாராவிக்கே அதுதான் முதல் பள்ளிக்கூடம். அல்லாவும் பிள்ளையாரும் வந்து சேர்ந்த பிறகு, நிதானமாக வாத்தியார் வந்தார்.

இரண்டாவது படையெடுப்பு மாட்டுங்கா. இதற்கு எலிகளுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். 1896இல் பிளேக் வந்து ஊரே செத்துச் சுண்ணாம்பானதும், நெரிசலைக் குறைக்க 1898இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஒன்றை ஏற்படுத்தி, தாதர், மாட்டுங்கா பக்கம் மனை போட்டார்கள். அங்கே வந்து இறங்கியவர்கள் பாலக்காடு, தஞ்சாவூர்ப் பிள்ளைகள். கையில் ஆயுதம்: டைப்ரைட்டிங் ஹையர், சுருக்கெழுத்து. துரை வாயைத் திறக்குமுன் கடிதத்தை முடித்துக் கையெழுத்துக்கு நீட்டுகிற கூட்டம். பஜனைக்கு 1923இல் ஆஸ்திக சமாஜம், படிப்புக்கு 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி, கச்சேரிக்கு 1963இல் சண்முகானந்தா ஹால். அந்த ஹால் 1990இல் எரிந்தபோதும் விடவில்லை, 1998இல் மறுபடி திறந்து கச்சேரியைத் தொடர்ந்தார்கள். சோற்று இலாகா ஒன்றை மட்டும் உடுப்பிக்காரர்களிடம் விட்டார்கள். 1942இல் ராம நாயக் மெஸ் திறந்தார். பேரரசின் வயிறு அன்றே கர்நாடகத்தின் கைக்குப் போய்விட்டது.

மாட்டுங்கா கிழக்குக்கும் தாராவிக்கும் நடுவே சென்ட்ரல் ரயில்வே தண்டவாளம் ஓடுகிறது. ஊரில் தெருக்கோடி செய்த வேலையை இங்கே அது சம்பளமில்லாமல் செய்தது. இந்தப் பக்கம் "ஏலே", அந்தப் பக்கம் "ஏன்னா". ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வந்தவர்களுக்கு அந்த நாலு தண்டவாளத்தைத் தாண்ட மனம் வரவில்லை. பெட்டி படுக்கையை ரயிலில் தொலைத்தவர்கள் உண்டு. சாதியைத் தொலைத்துவிட்டு இறங்கியவர் அபூர்வம்.

மூன்றாவது செம்பூர். 1950களில் ட்ராம்பேயில் அணுசக்திக் கூடமும் மாஹுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வந்தன. அணுவைப் பிளக்க வந்தவர்கள் அப்படியே ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியையும் தொடங்கி, சேடா நகரில் முருகனுக்கு 108 படி வைத்தார்கள். முட்டிவலி உள்ள விஞ்ஞானிகளை யாரும் கேட்கவில்லை.

இப்படிப் பரவுகிற மொழியைத் துரத்த யாராவது வரத்தானே செய்வார்கள்? பிரான்சின் தென்பாதியில் ஆக்சிதான் என்றொரு மொழி பரவிக் கிடந்தது. 1539இல் அரசன் முதலாம் பிரான்சுவா ஒரே ஆணையில் அதைக் கோர்ட்டுக் கச்சேரியிலிருந்து துரத்தினான். பம்பாயில் ஆணை போட அரசன் இல்லாததால் கார்ட்டூனிஸ்ட் ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். பால் தாக்கரே தன் 'மார்மிக்' பத்திரிகையில், எந்தக் கம்பெனியில் எத்தனை தென்னிந்திய ஆபீசர்கள் என்று பெயர் பெயராகப் பட்டியல் போட்டார். அரைக்காசு வாங்காமல் நமக்குக் கிடைத்த மொழிக் கணக்கெடுப்பு அது! 1966இல் அவருடைய கட்சி சிவசேனா பிறந்தது. லுங்கியை விரட்டு, புங்கியை (மகுடியை) ஊது என்று கோஷம். இதில் ஒரு சின்னச் சிக்கல்: பட்டியலில் இருந்த ஆபீசர்களெல்லாம் பேன்ட் போட்டவர்கள். அடி விழுந்ததோ உடுப்பி ஓட்டலுக்கு. தமிழனுக்காக இன்னொருவன் கண்ணாடி உடைந்த வரலாறு இது. அதற்கு நாம் இன்னும் நன்றி சொல்லவில்லை.

தண்டவாளத்தைத் தாண்டிய ஒரே சக்கரவர்த்தி வரதராஜ முதலியார். தூத்துக்குடியில் பிறந்து, வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கி, கள்ளச்சாராயத்தில் ராஜ்யம் கட்டியவர். மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலிலேயே கணபதிப் பந்தல் போட்டார். வரி வசூலில் அவருக்கும் சோழர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ரசீதுதான் கிடையாது. 1987இல் மணிரத்னம் அவர் வாழ்க்கையைத் தழுவி 'நாயகன்' எடுத்தபோது தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவுக்குள்ளேயே கட்டிக்கொடுத்தார் தோட்டா தரணி. நாம் தாராவியைப் பிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. தாராவி கோடம்பாக்கத்தைப் பிடிக்க ஒரு படம் போதுமாக இருந்தது.

சரி, இந்த ராஜ்யத்தின் எல்லை எங்கே முடிகிறது? கல்வெட்டு எதுவும் கிடையாது. விடியற்காலையில் தாராவிச் சந்துகளிலிருந்து அலுமினியப் பாத்திரம் கட்டிய சைக்கிள்கள் பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு ஊரெங்கும் புறப்படும், உள்ளே இட்லி. எல்லை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அவற்றில் ஒன்றின் பின்னால் போகலாம். சட்னியை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்.