முடி உதிரா நாய்: முதுகுன்றத்து நோக்கில் ஓர் ஆய்வு

தேவாரத்தில் திருமுதுகுன்றம் என்றும் ரயில் நிலையப் பலகையில் விருத்தாசலம் என்றும் வழங்கும் எங்கள் ஊரில், முடி உதிராத நாய் நெடுநாளாக உற்பத்தியாகி வருகிறது. செராமிக் கடைகளில் அது காதை நிமிர்த்தி வரிசையாக உட்கார்ந்திருக்கும். குளிப்பாட்ட வேண்டாம், துடைத்தால் போதும். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற பழமொழியில் 'கல்' பிற்காலப் பாடபேதம், மூலபாடம் 'பீங்கான்' என்பது என் துணிபு.

ஆனால் என் மகள் கேட்டது குரைக்கிற நாய். "வூட்டுக்கு நாயி வரட்டும்ப்பா, முடி மட்டும் கொழம்புக்கு வரக்கூடாது" என்று அம்மா ஆய்வின் எல்லையை வகுத்துவிட்டார். அவர் அச்சம் ஆதாரமற்றதன்று. இங்கே மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைச் சுந்தரர் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தல புராணம். நாய் முடியும் அந்த மரபினதே. திண்ணையில் உதிர்ந்தது ஊறுகாய் ஜாடியில் கிடைக்கும்.

இறுதிச் சுற்றுக்கு வந்தவை பூடிலும் ஷிட்ஸுவும். ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் கனத்த மனத்தோடு விலக்கப்பட்டன. குட்டை முடியும் உதிரத்தான் செய்யும், உதிர்ந்தது வேட்டியில் ஊசிபோலச் செருகிக்கொள்ளும்.

இத்துறையின் முன்னோடி பராக் ஒபாமா. மகளுக்கு நாய் ஒவ்வாது என்பதால், 2009-இல் வெள்ளை மாளிகைக்கு லாப்ரடூடிலா, போர்ச்சுகீசிய வாட்டர் டாக்கா என்று அவர் குழம்பியதை உலகமே கவனித்தது. (இரண்டாவதை 'நீர்நாய்' என்று பெயர்த்தால் வேறு விலங்கு வந்து நிற்கும்.) ஏப்ரலில் வாட்டர் டாக்கே வந்தது. அதற்குப் 'போ' என்று பெயர் வைத்தார்கள். தமிழ் வீடாக இருந்திருந்தால் அது வாசற்படியே தாண்டியிருக்காது.

இனி மையப் பொருள். உதிராத முடி என்று உலகில் ஒன்றில்லை. பூடிலின் முடியும் உதிர்கிறது. தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். சீவாமல் விட்டால் திரண்டு சடையாகிவிடும். ஷிட்ஸுவின் நீள முடிக்கும் இதே கதிதான், கூடுதலாக நெற்றி முடியைக் குடுமி போட வேண்டும். ஆக, துடைப்பத்தின் வேலை சீப்புக்கு மாறுகிறதே தவிர வேலை ஒழிவதில்லை. எங்கள் வீட்டில் துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்தது. சீப்பு யார் கையில் என்று கேட்டதும் ஆய்வுக்குழு கலைந்து காபி குடிக்கப் போனது.

தும்மலுக்கும் முடிக்கும் நாம் நினைக்கிற அளவு உறவும் இல்லை. ஒவ்வாமை தருவது நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012-இல் அளந்து பார்த்தபோது, ஒவ்வாமை தராதவை என்று பெயர்பெற்ற இனங்களின் முடியில் அந்தப் புரதம் மற்றவற்றைவிடக் கூடுதலாகவே இருந்தது. பூடிலும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தத் தகவலை அம்மாவிடம் நான் இன்னும் சமர்ப்பிக்கவில்லை.

தீர்ப்பைத் தந்தது கத்திரி வெயில். நாய்க்கு மூச்சிரைப்பதுதான் விசிறி. ஷிட்ஸு என்றால் சிங்கம் என்று பொருளாம். ஆனால் அச்சிங்கத்தின் மூக்கு சப்பை, வெயிலில் மூச்சுத் திணறும். சூளை எரிகிற ஊரில், மே மாதத்தில், அந்த மூக்கை நம்பி இறங்க முடியாது. பூடிலுக்கு நீண்ட மூக்கு.

பீங்கானிலோ முடிவு தலைகீழ். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கரைசலை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் தோலாகப் படியும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரிக்கும்போது பொம்மை வழுக்கிக்கொண்டு வர வேண்டும். பூடிலின் சுருள் ஒவ்வொன்றும் கொக்கியாக மாட்டிப் பிய்ந்துவிடும். ஷிட்ஸுவின் நேர்முடி வெறும் கோடுகள், சொகுசாக வெளியே வரும். இத்தனை நாய்ப் பொம்மைக்கு நடுவே ஒரு பூடிலைக்கூட நான் பார்க்காததற்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

ஆகவே கூடத்துக்குப் பூடில், ஷோகேஸுக்கு ஷிட்ஸு. சீப்புப் பிடிக்க மகள் சம்மதித்திருக்கிறாள், அரைப்பரீட்சை முழுப்பரீட்சை நாட்கள் நீங்கலாக.