பாட்டுப்பெட்டி வாங்கப் போற மருமவனுக்கு

வாய்யா மருமவனே, அஞ்சடியில இப்பிடி உக்காரு. சிரம்பானுக்குப் போயி பாட்டுப்பெட்டி தூக்கிட்டு வரப்போறியாமே, உங்கம்மா சொல்லிச்சு. போனஸ் வந்தா நம்ம தோட்டத்துப் புள்ளைங்களுக்குக் காது அரிக்கும்ங்கறது புதுச் சங்கதியா? வாங்கு ராசா. ஆனா ஸ்டிக்கரைப் பாத்து வாங்காதே, அது பாடாது.

அந்த ஸ்டிக்கருல என்ன போட்டிருக்கான்? 8,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. நம்ம வீட்டுச் சுவத்துல இருக்குற 13 ஆம்ப் பிளக்கு, 230 வோல்ட்டுல முக்கி முக்கிப் பாத்தாலும் 3,000 வாட்ஸ் தாண்டாது. மீதி 5,000 வாட்ஸை யாரு குடுக்குறா, எல்லையில நிக்கிற முனியாண்டியா?

உங்க தாத்தா லிங்கித் தோட்டத்துல பால் வெட்டுனாரு. வாளி தளும்பத் தளும்பக் கொண்டாந்தாலும் ஸ்டோருல கிராணி அசர மாட்டாரு. மெட்ரோலேக்கை மிதக்க விட்டு, ரப்பரு எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு பாத்துட்டுத்தான் பேரேட்டுல எழுதுவாரு. பி.எம்.பி.ஓ. தண்ணி ஊத்துன பாலுடா. பெட்டிக்குப் பின்னாடி எறும்பு சைசுல ஆர்.எம்.எஸ்.னு ஒரு கணக்கு இருக்கும், அதான் ரப்பரு. குனிஞ்சு படி. குனிஞ்சா தவுக்கேக்குப் பிடிக்காது, பரவாயில்ல.

இனி கடைக்குள்ள போவோம். விக்கிற பையன் சிரிச்சிக்கிட்டே ரெண்டு பெட்டியப் போட்டுக் காட்டுவான். எதை உன் தலையில கட்டணுமோ அதுக்குச் சத்தத்தை ஒரு துளி ஏத்தி வைப்பான். ஒரு டெசிபெல் கூட இருந்தாலே மனுசன் காது, "ஆகா, இதான் சுத்தம்"ங்கும். சத்தம்னு அதுக்குத் தெரியாது. கைப்பேசியில சத்தம் அளக்குற ஆப் இருக்குல்ல, அத வச்சு ரெண்டையும் சமமாக்கச் சொல்லு. பையன் சிரிப்பு எவ்வளவு நேரம் நிக்குதுன்னு அப்ப பாரு.

அப்புறம் அவன் போடுற பாட்டு. கண்ணாடி ஒடையும், ஹெலிகாப்டரு பறக்கும். உன் வீட்டுல எவன்யா ஹெலிகாப்டரு ஓட்டுறான்? நீ தெனம் கேக்குறதை நீயே கொண்டு போ. 1962ல வந்த கொஞ்சும் சலங்கையில காருகுறிச்சி அருணாசலம் நாயனத்தோட ஜானகியம்மா பாடுன பாட்டு இருக்கே, அதைப் போடச் சொல்லு. நாயனமும் கொரலும் ஒண்ணையொண்ணு தொரத்துற எடத்துல ரெண்டும் தனித்தனியா நிக்கணும். மட்டமான பெட்டியில ரெண்டும் ஒரே தொண்டையில மாட்டிக்கிட்டுக் கத்தும்.

அடுத்து உறுமி. திருவிழாவுல பாத்திருப்பே, ஒரு பக்கத் தோலை வளைஞ்ச குச்சியால தேய்க்கத் தேய்க்க, சத்தம் அடிவயித்துலருந்து வழுக்கிக்கிட்டு மேல ஏறும். நல்ல பெட்டியில அந்த ஏத்த எறக்கம் ஒவ்வொண்ணும் தெரியும். சில பெட்டி எதைக் குடுத்தாலும் "டொம், டொம்"னு ஒரே சுருதியில வாந்தி எடுக்கும். அதுக்கு "பேஸ் சூப்பரு"ன்னு பேரு வச்சு விப்பானுங்க.

இன்னொண்ணு. பெட்டியப் பாத்துக்கிட்டே கேக்காதே. நான் சொன்னா கெழவன் உளறுறான்னுவே. அமெரிக்காவுல ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு பேரு 1994லயே இதைச் சோதிச்சு எழுதிட்டாங்களாம், பேரன் படிச்சுச் சொன்னான். தெரைக்குப் பின்னாடி வச்சுக் கேட்டப்ப நல்ல மார்க்கு வாங்குன சின்னப் பெட்டி, கண்ணால பாத்ததும் மார்க்கை இழந்துச்சாம். அதுல மார்க்கு போட்டவங்க ஒலிபெருக்கி செய்யிற கம்பெனி ஆளுங்கதான். அவங்களுக்கே அந்தக் கதின்னா, நீலக் கலருல லைட்டு மின்னுனா வாயப் பொளக்குற உனக்கு? முதுகைக் காட்டி நில்லு, பெட்டிய மாத்துற வேலைய உன் பொண்டாட்டி பாக்கட்டும். உன்னை ஏமாத்துறதுல அதுக்குப் பழக்கமும் உண்டு.

கடையில கம்பளம் விரிச்சு, மெத்தை நாற்காலி போட்டு வச்சிருப்பான். நம்ம லயத்து வீட்டுல பலகைச் சுவரு, தகரக் கூரை. பெட்டிய மூலையில தள்ளுனா அடிச்சத்தம் வீங்கிப் போயி அலமாரித் தட்டு எல்லாம் தாளம் போடும். மழை பேஞ்சா எந்தப் பெட்டியும் தோத்துச்சு, அதுக்கு மருந்தில்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல பக்கத்து வீட்டுப் பெரியம்மா பலகையத் தட்டும், சத்தத்தைக் கொறைப்பே. கொறைச்சா மொதல்ல காணாமப் போறது அடிச்சத்தம்தான், காதோட அமைப்பே அப்பிடி. அதனால கடையிலயே ஒருக்கா மெதுவா வச்சும் கேளு. அப்பவும் மிருதங்கம் மிருதங்கமா கேட்டா வெலையப் பேசு. கேட்ட வெலைக்குத் தலையாட்டாம, "வீட்டுல வச்சுப் பாத்துட்டு ஒத்து வரலைன்னா திருப்பிக் குடுக்கலாமா"ன்னு கேட்டு, ரசீதுல எழுதி வாங்கிக்க.

என்னையக் கூட்டிப் போறேங்கிறியா? வயசானா கீச்சுச் சத்தம்தான் காதை விட்டு மொதல்ல போகும்யா, ஜால்ராவே எனக்கு இப்பப் பாதிதான் கேக்குது. உன் சின்ன மகளைக் கூட்டிப் போ, அது காது புதுசு. நான் வேணா வர்றேன், கடைக்கு எதுத்தாப்புல ஒக்காந்து தே தாரிக் குடிச்சிக்கிட்டு இருப்பேன். பெட்டி தேர்ற வரைக்கும் குடிப்பேன், கணக்கை உன் பேருல எழுதச் சொல்லிருவேன்.