நிலாவில் நாமக்கல் கோழி

கேள்வி: மரபணுவை மாற்றி, நிலாவில் வாழும் கோழியை உருவாக்க முடியுமா?
(பண்ணைக்காரர் ஒருவர், நாமக்கல்)

பதில்: அங்கே காற்றே இல்லை; சேவல் கூவினாலும் யாருக்கும் கேட்காது. ஆனால் உங்கள் ஊர்ப் பாறைக்கு நிலா யோகம் ஏற்கெனவே அடித்துவிட்டது! உங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் வெளிறிய அனார்த்தோசைட், நிலாவின் மேட்டுநிலப் பாறைக்குப் பங்காளி. அதை அரைத்துக் கொட்டிய மண்ணில்தான் சந்திரயான்-2 சோதனைகளை இஸ்ரோ நடத்தியது.

நிலாவில் கதிர்வீச்சும் உண்டு; அதைத் தாங்கவைக்கும் மரபணு வேலையும் நடக்கிறது. 2016இல் ஜப்பானியர், நீர்க்கரடி என்ற நுண்ணிய விலங்கின் மரபணு ஒன்றை மனித செல்லில் வைத்தார்கள். எக்ஸ்-கதிர்ச் சேதம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. அது கண்ணாடித் தட்டில் வளர்ந்த செல். முழுக்கோழிக்குப் பிராணவாயு, தண்ணீர், கதகதப்பு, தீவனம் எல்லாம் வேண்டுமே? தீவன விலை இங்கேயே கண்ணைக் கட்டுகிறது. அங்கே லாரி வாடகையும் சேரும்.