கேள்வி - பதில்

கேள்வி: ஆப்பிரிக்க விவசாயிகளுக்கு நிதி திரட்ட ஜாம்பியா வரை போய் சைக்கிள் மிதிக்க வேண்டுமா? பணத்தை அனுப்பினால் போதாதா?
- வாசகி, ஈரோடு

பதில்: அனுப்பலாம், புண்ணியம்தான். ஆனால் ஒருவர் பணம் அனுப்பினால் ஒரு பர்ஸ்தான் திறக்கும். வெயிலில் மிதித்தால் ஊரே விசாரிக்கும், பல பர்ஸ்கள் திறக்கும்!

அந்த நிதி என்ன செய்யும் என்கிறீர்களா? 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் சைக்கிள் வழங்கித் தொடங்கிய அமைப்பு ‘வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப்’. அதன் ‘பஃபல்லோ’ சைக்கிள் 100 கிலோ சுமக்கும். ஜாம்பியாவின் பால் விவசாயிகள் அதில் கேனைக் கட்டிக் குளிரூட்டும் நிலையத்துக்கு விரைகிறார்கள். நடந்தால் திரிந்துபோகும் பால், மிதித்தால் காசாகிறது.

ஒரே நிபந்தனை: விமான டிக்கெட் மிதிப்பவர் செலவு; திரட்டிய நிதி விவசாயிக்கு. அப்படிப் போகிறவர் கேட்டால், தாராளமாகக் கொடுங்கள்!