கேஸ் மேல பழி போடாதீக, மாப்ளே

ஏசி ஓடுது. மீட்டர் அதைவிட வேகமா ஓடுது. ஒங்க நெத்தியில வேர்வையும் ஓடுது. குளிர்ச்சி ஒண்ணுதான் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேங்குது. ஒடனே போனை எடுத்து, "கேஸ் தீந்துருச்சுப்பா, வந்து ரொப்பிட்டுப் போ"ன்னு மெக்கானிக்குக்குச் சொல்லிட்டீக. என்ன கோளாறுங்கிறதையும் நீங்களே சொல்லி, என்ன செய்யணும்கிறதையும் நீங்களே சொல்லிட்டா, வர்ற பையன் "இல்ல சார், ஒங்க பணம் எனக்கு வேண்டாம்"னா சொல்லுவான்? போன வருசமும் இப்படித்தான் ரொப்புனீக. முந்துன வருசமும் ரொப்புனீகன்னு எம் மக சொல்லுறா. மாசச் சம்பளக்காரரு, ரொப்பலாம்.

மாமனாரு கரிசக்காட்டு ஆளு, பருத்தியும் மொளகா வத்தலும் தவிர இவருக்கு என்ன தெரியும்னு பாக்குறீக. பாருங்க, தப்பில்ல. ஆனா மழை ஏமாத்துன வருசமெல்லாம் எங்களுக்குச் சோறு போட்டது சிவகாசி ஆப்செட் பிரஸ்சு. அங்க ஏசி ரூமுக்குக் காவல் இருந்தவன் நான். ஆளு வேர்த்துச் செத்தாலும் மொதலாளிக்குக் கவலை இல்ல, பேப்பருக்கு மட்டும் ஈரம் படக்கூடாது. காத்துல ஈரம் கூடுனா பேப்பர் நூல் கணக்குல விரியும். மஞ்சள் அடிச்ச பெறகு செவப்பு அடிச்சா, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது. காலண்டர்ல முருகன் ஒரு எடத்துல நிப்பாரு, வேலு தனியா ஒரு எடத்துல நிக்கும்.

ஏசின்னு ஒண்ணு பொறந்ததே இந்தச் சங்கடத்துலதான். 1902ல நியூயார்க் புரூக்ளின்ல ஒரு அச்சாபீஸ். அங்கயும் இதே கலர் வெலகுற தொல்லை. வில்லிஸ் கேரியர்னு 25 வயசுப் பையன், காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக் கட்டுறதுக்கு ஒரு ஏற்பாடு வரைஞ்சு குடுத்தான். ஆக மொதல்ல பேப்பருக்கு வந்த சொகுசு இது. பெறகுதான் மாப்பிள்ளைகளுக்கு வந்துச்சு.

சரி, அந்த ரிமோட்ட இங்க தாங்க. எம் பேரன் நேத்து பூரா இதைக் காதுல வச்சு யாரோடயோ பேசிக்கிட்டுத் திரிஞ்சான். பாத்தீகளா? தண்ணிச் சொட்டுப் படம் வந்து நிக்கி. அது ஈரம் வாங்குறதுக்கு உள்ளது. அதுல கம்ப்ரஸர் அப்பப்ப எந்திரிச்சு ஓடிட்டுப் படுத்துக்கிடும். மழைக்காலத்துப் புழுக்கத்துக்குச் சரி, கத்திரி வெயிலுக்குக் காணாது. காத்தாடிப் படத்துல நின்னா, நாப்பதாயிரம் குடுத்து டேபிள் ஃபேன் வாங்குன கணக்கு. பனிப்பூப் படம்தான் நமக்கு வேணும். இந்த ஒரு பட்டனை அமுக்குறதுக்கு நூறு மைல் தாண்டி இருக்குற மெக்கானிக்கையும் கூப்புட்டு, வண்டிச் சத்தமும் குடுக்குறவுக இருக்காக.

அப்புறம் இந்த 16. அதுல வச்சா வெரசாக் குளிரும்னு யாரு சொன்னது? 16ங்கிறது எங்க போயி நிக்கணும்கிறதுக்குத்தான், எவ்வளவு வேகமாப் போகணும்கிறதுக்கு இல்ல. 24க்கு வச்சாலும் அங்க வரைக்கும் அதே பாடுதான் படும். சர்க்காரே 2020 ஜனவரியிலருந்து ஸ்டார் ஒட்டுன ரூம் ஏசியெல்லாம் போட்டதும் 24ல தொடங்கணும்னு விதி வச்சிருக்கு. ஒரு டிகிரி ஏத்துனா கரண்டு நூத்துக்கு ஆறு மிச்சம்னு அவுக கணக்கு. நீங்க எட்டு டிகிரி எறக்கி வச்சுக்கிட்டு, போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுப் படுப்பீக. படிச்சவுக.

இன்னொண்ணு. சில ரிமோட்டுக்குள்ளயே சூடு பாக்குற சமாச்சாரம் இருக்கு. அந்தப் பட்டன் அமுங்கிக் கெடந்தா, ஏசி தன்னைச் சுத்தி உள்ள சூட்டப் பாக்காது, ரிமோட் இருக்குற எடத்துச் சூட்டத்தான் பாக்கும். ஏசி காத்து நேரா விழுற மேசையில ரிமோட்ட வச்சுட்டா, "எசமான் குளுந்துட்டாரு"ன்னு அது சேதி சொல்லிரும். கம்ப்ரஸர் படுத்துரும். நீங்க கட்டில்ல கெடந்து வேர்ப்பீக.

படமும் சரி, பட்டனும் சரி, இன்னும் குளிரலையா? அப்ப ஒண்ணு புரிஞ்சுக்கிடுங்க. ஏசி குளிர உண்டாக்குற மிசின் இல்ல. உள்ள கெடக்குற சூட்ட அள்ளி வெளிய கொட்டுற மிசின். எங்க தோட்டத்துக் கெணத்துல கமலை பூட்டி எறைச்சோம்ல, அதே வேலை. ரூம்ல இருக்குற சூடு கெணத்துத் தண்ணி. கேஸு சாலு. உள்ள எறங்கும், மோந்துக்கிட்டு வரும், வெளிய வாய்க்கால்ல கொட்டும், வெறுஞ்சாலாத் திரும்பி எறங்கும். கம்ப்ரஸர்தான் மாடு. இப்பச் சொல்லுங்க, நாளு பூரா எறைச்சா கொறையறது கெணத்துத் தண்ணியா, சாலா? சாலு எங்கயாச்சும் தீந்து போனதாக் கேள்விப்பட்டிருக்கீகளா? ஓட்டை விழும். ஓட்டைய அடைக்காம வருசா வருசம் புதுச் சாலு வாங்கிக் கட்டுனவன் எங்க ஊருல ஒருத்தனும் இல்ல. சென்னையில இருக்காக.

அந்த மூடியத் தூக்குங்க. மெதுவா, ரெண்டு பக்கமும் பிடிச்சு. சல்லடை தெரியுதா? உருவுங்க. ஆத்தாடி! இது சல்லடையா? வெளிச்சத்துக்கு நேராப் பிடிங்க, ஒரு ஓட்டை வழியாவாவது சன்னல் தெரியுதா பாப்போம். மேல படிஞ்சிருக்குறதை நகத்தால கீறுனா உரிஞ்சு வருது பாருங்க. பேரனுக்குப் போடுற பவுடரு, வெள்ளிக்கெழமை சாம்பிராணிப் பொகை, எம் மக தலைமுடி, போர்வையில உதுர்ற பஞ்சு, எல்லாம் அடுக்கு அடுக்கா இருக்கு. ரூம் காத்து உள்ள போனாத்தானே சூட்ட ஒப்படைக்கும்? சூடு காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கொழாயில காட்டிக் கழுவி, நெழல்ல ஒணத்தி மாட்டணும். வெயில்ல போட்டா பிளாஸ்டிக் நெளிஞ்சுரும். இதுக்குப் பொறியியல் பட்டம் வேண்டாம், ரெண்டு கை போதும்.

போன வாரம் உள்பெட்டியில ஐஸ் கட்டி நின்னதைப் பாத்துட்டு, "மாமா, கூலிங் அள்ளுது"ன்னு சந்தோசப்பட்டீக. நானும் மாப்பிள்ளை மனசு நோகக்கூடாதேன்னு தலைய ஆட்டி வச்சேன். அது கூலிங் இல்ல, கூப்பாடு. சல்லடை அடைஞ்சு காத்து போகாட்டாலும், கேஸ் ஒழுகிக் கொறைஞ்சாலும் காயில் சைபருக்குக் கீழ போயிரும். காத்து ஈரம் அது மேலயே ஒறைஞ்சு சுவரு எழுப்பிரும். பெறகு குளிர் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். கூலிங்க நிறுத்திட்டு ஃபேன மட்டும் ஓட விட்டா ஒருகிரும். ஸ்குரூ டிரைவரை எடுத்து நோண்டுற வேலை வேண்டாம். உள்ள இருக்குறது மெல்லிசு கொழாய். ஒரு குத்துல நெசமாவே கேஸ் போயிரும், மெக்கானிக் குலதெய்வத்துக்கு ஒங்க பேர்ல பொங்க வைப்பான்.

இப்ப பால்கனிக்கு வாங்க. இதுதான் வாய்க்கால் மடை. இதைப் பாக்கத்தான் எனக்குச் சிரிப்பு அடங்கல. வெளிப்பெட்டி மூச்சு விடுற மொகத்துக்கு நேரா நனைஞ்ச பெட்ஷீட் தொங்குது. பின்னாடி பழைய அட்டைப்பெட்டி. மேல புறாக் கூடு, அதுல ரெண்டு முட்டை. பத்தாததுக்கு மழைச் சாரல் அடிக்குதுன்னு கம்பிக்குப் பிளாஸ்டிக் ஷீட்டு. உள்ள இருந்து அள்ளிட்டு வந்த சூடு எங்க போகும்? ஷீட்டுல முட்டி, திரும்பி அதே பெட்டிக்குள்ளயே போகுது. சூடு மிஞ்சுனா கம்ப்ரஸர் தானா நின்னுரும், ஆறுனதும் ஓடும், திரும்ப நிக்கும். பெட்ஷீட்டக் காயப்போட்டது எம் மகதான், ஒத்துக்கிடுறேன். கொடி கட்டிக் குடுத்த மகராசன் யாரு? புறாவ மட்டும் குஞ்சு பொரிச்சுப் போற வரைக்கும் வெரட்டாதீக, மத்ததை அப்புறப்படுத்துங்க. பின்பக்கத் தகட்டுல படிஞ்ச தூசிய, மெயின் சுவிச்ச அணைச்சுட்டு, மெத்துன்னு தண்ணி விட்டுக் கழுவலாம். பீச்சி அடிச்சா தகடு மடிஞ்சுரும்.

கழுவிக் காஞ்சதும் போட்டு, அந்த மொகத்துக்கு நேரா கையக் காட்டுங்க. அனல் அடிக்கணும். அனல் அடிச்சா அள்ளுது, கொட்டுதுன்னு அர்த்தம். ஃபேன் சுத்தியும் சாதாக் காத்து வந்தா மாடு படுத்துருச்சு. அணைச்சு ஒடனே போட்டா மூணு நிமிசத்துக்குக் கம்ப்ரஸர் எந்திரிக்காது, அது அதோட காப்பு. அதுக்குள்ள பொறுமை இல்லாம நாலு தடவ தட்டிட்டு, "ரிப்பேரு"ன்னு தீர்ப்பு எழுதிறாதீக. பொழுது சாஞ்சு தெருவே ஏசி போடையில வோல்டேஜ் எறங்கும், அப்பவும் எந்திரிக்காது. ஸ்டெபிலைசர் முள்ளப் பாருங்க. இது எதுவும் இல்லாம உள்ள "ம்ம்ம்"ன்னு உறுமிட்டு அடங்குனா பெரும்பாலும் கெப்பாசிட்டரு. சின்னச் சாமான், காசும் கம்மிதான். ஆனா நீங்க தொடாதீக. கரண்ட அணைச்ச பெறகும் அதுல மிச்சம் நிக்கும், ஆளத் தூக்கிப் போட்டுரும். போர்டுக்குள்ள பல்லி பூந்து செத்துக் கெடந்தாலும் அதே கதை, பாக்க வேண்டியவன்தான் பாக்கணும்.

எம் மக கெட்டிக்காரி, காய்ச்சலுக்கு வைக்கிற கண்ணாடிக் குச்சிய ஏசி வாயில வச்சுப் பாத்தா. அதுல கணக்கே 35லதான் ஆரம்பிக்குது தாயின்னேன். சுவத்துல மாட்டுற சாதா தெர்மாமீட்டர் போதும். கால் மணி நேரம் ஓட விட்டு, மேல உள்ள போற காத்துல ஒருக்கா, கீழ வர்ற காத்துல ஒருக்கா பிடிங்க. 8லருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தா பெட்டி மேல குத்தம் இல்ல. அதுவும் இல்லையா, வெளிய வர்ற தண்ணிக் கொழாயப் பாருங்க. கடலோரத்துப் புழுக்கத்துல நல்லாக் குளிர்ற காயில் சொட்டுச் சொட்டா வடிக்கணும். கீழ வச்ச பக்கெட்டு நாளு பூரா காஞ்சு கெடந்தா சந்தேகப்படலாம்.

எல்லாம் பாத்தும் தேறலைன்னா கேஸு பேச்சுக்கு வருவோம். மெக்கானிக் வந்து சிலிண்டரத் தெறக்கையில, "எங்க ஒழுகுது தம்பி?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அவன் மொகம் போற போக்கைப் பாக்க நானும் ஒரு நாற்காலி போட்டுக்கிடுறேன். கொழாய் சேர்ற நட்டுல எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா அங்கதான் ஒழுகுது, ஏன்னா கேஸோட எண்ணெயும் கூடவே சுத்துது. ஒங்க வீட்டுக்கு உப்புக் காத்து வேற, அது தகட்டையும் கொழாயையும் அரிக்கும். நைட்ரஜன ஏத்தி சோப்பு நுரை தடவுனா முட்டை விடுற எடம் தெரியும். அதை அடைச்சு, வேக்கம் பம்பு போட்டு உள்ள இருக்குற காத்தையும் ஈரத்தையும் இழுத்து, பெறகு தராசுல நிறுத்து ஏத்தணும். எத்தனை கிராம்னு பெட்டி ஸ்டிக்கர்லயே அச்சடிச்சிருக்கு, அச்சாபீஸ்காரன் சொல்லுறேன், படிங்க. ஒங்களுது ஆர்-32. லேசாத் தீப்பிடிக்கிற சாதி, அதனால பீடி பத்த வச்சுக்கிட்டு வேலை பாக்க விடாதீக. ஆர்-290ன்னு இருந்தா அது புரொப்பேன், அடுப்புக் கேஸுக்கு ஒடம்பொறப்பு. ஒண்ணு இருக்குற பெட்டியில இன்னொண்ண ஊத்தவும் கூடாது.

கடைசியா ஒரு சந்தேகம், ஏசி மேல இல்ல, ஒங்க வீட்டு மேல. ஒண்ணரை டன்னுன்னு கம்பீரமாச் சொல்லுறீக. ஒரு நாள்ல 1,360 கிலோ ஐஸ் உருகையில எவ்வளவு சூட்ட வாங்குமோ, அவ்வளவு வாங்கும்னு அர்த்தம். 1842ல மெரினாவுல ஐஸ் ஹவுஸ் கட்டி, அமெரிக்காவுலருந்து கப்பல்ல வந்த ஐஸ அடுக்கி வச்சாக. அதுவே பின்னாடி விவேகானந்தர் இல்லம் ஆச்சு. கலெக்டர் துரை கிளாசுல ஒரு கட்டி போட்டுக் குடிச்ச காலத்துல, தெனம் 1,360 கிலோவ ஒரு படுக்கையறைக்குன்னு கேட்டா சிரிச்சிருப்பாக. அதுவும் பத்தலைங்கிறீக. அந்தக் கணக்கு வெளிய 35 டிகிரி இருக்கையில பாத்தது. 42 போனா பெட்டி அவ்வளவு அள்ளாது. நீங்க இருக்குறது மேல் மாடி, மேக்க பாத்த சன்னலு, தெரையும் கெடையாது. சமையக்கட்டுக் கதவ யாரும் சாத்துறதும் இல்ல. பகல் பூரா வெயில் குடிச்ச காங்கிரீட்டு ராத்திரி பூரா அதை உள்ளதான் விடுது. எறைக்க எறைக்க ஊத்து வந்தா மாடு என்ன செய்யும்?

சன்னலுக்கு வெளிப்பக்கமா ஒரு மூங்கில் தட்டி கட்டுங்க. மொட்டை மாடியில வெள்ளை அடிக்கணும். சுண்ணாம்போ, குளிர்ச்சிக்குன்னு விக்கிற வெள்ளை பெயிண்டோ, எதுவா இருந்தாலும் வெயில் பட்டுத் திரும்பிரும், தளத்துல ஏறாது. அசோசியேஷன்ல கேக்கணும்ங்கிறீக. கேளுங்க. செகரட்டரி மூணாவது மாடியில இருக்காரு, அவருக்கு அவசரம் இருக்காது, ஆறு மாசத்துல பதில் சொல்லுவாரு. நான் காலையில பால் வாங்கப் போகையில வாட்ச்மேன்ட்ட பேசிட்டேன், அவரு அருப்புக்கோட்டைப் பக்கமாம். மொட்டை மாடிச் சாவி அவர்ட்ட இருக்கு. சுண்ணாம்பு ரெண்டு மூட்டையும், தென்னை மட்டை பிரஷ்ஷும் மட்டும் நீங்க வாங்கிப் போட்டுருங்க. ரசீதுல மாமனார் பேரைப் போடாதீக.